அரசச் சின்னங்கள்: குடை, கோல், முரசு, முடி – விளக்கப் பலகையில் எதை எழுதுவது?

#1 · ஏடகம்

வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான கண்காட்சி ஒன்றில் "தமிழ் வேந்தர்களின் அரசச் சின்னங்கள்" என்று ஆறு விளக்கப் பலகைகள் வைக்கிறோம். கூடவே மாதிரிப் பொருட்களும் செய்கிறோம். வரைவு இப்போதைக்கு இப்படி இருக்கிறது:

செங்கோல் – சிவப்பு நிறக் கோல். அரசன் கையில் ஊன்றி நடப்பது.
வெண்கொற்றக்குடை – அரசனை வெயிலிலிருந்து காப்பது.
முரசு – போர்ப்பறை.
சாமரம் – அரசனுக்கு வீசும் விசிறி.
முடி – முடிசூட்டு விழாவில் அணியும் பொன் கிரீடம்.
மாலை – அலங்காரம்.

ஒரு பலகைக்கு நாற்பது சொல்தான் இடம். அச்சுக்குப் போகும் முன் தவறுகளைச் சொல்லுங்கள். மாதிரிகள் செய்வது பற்றித் தெரிந்தவர்களும் எழுதினால் பெரிய உதவி.

#2 · சுவடிக்கட்டு

நல்ல வேளை, அச்சுக்கு முன் கேட்டீர்கள். ஆறிலும் திருத்தம் இருக்கிறது.

பட்டியலிலிருந்தே தொடங்குவோம். வேந்தருக்கு உரியவை என்று தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி எண்ணுவது இவை: படை, கொடி, குடை, முரசு, புரவி, களிறு, தேர், தார், முடி. மொத்தம் ஒன்பது. "நேர்வன பிறவும்" என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது. இதில் செங்கோலைத் தேடிப் பாருங்கள், எண்ணிக்கையில் வராது. "தெரிவுகொள் செங்கோல் அரசர்க்கு உரிய" என்று, அரசர் என்ற சொல்லுக்கு அடையாக வந்து நிற்கிறது. குடையும் முரசும் அரசனிடம் இருக்கும் பொருட்கள். செங்கோல் அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லும் சொல். உங்கள் முதல் பலகையே இந்த வேறுபாட்டில்தான் தொடங்க வேண்டும்.

அடுத்து, "சிவப்பு நிறக் கோல்" என்பதை எடுத்துவிடுங்கள். இங்கே செம்மை என்பது நிறம் இல்லை, நேர். செங்குத்து, செவ்வை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் செம்மை. இதன் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் ஐயமே வராது: கொடுங்கோல். கொடு என்றால் வளைந்த. நேரான கோல், வளைந்த கோல், அவ்வளவுதான். திருக்குறளில் 55-ஆவது அதிகாரம் செங்கோன்மை, 56-ஆவது கொடுங்கோன்மை. "கொடுங்கோலன்" என்ற வசவைத் தினமும் செய்தித்தாளில் படிக்கும் மாணவனுக்கு, அதற்குள் ஒரு வளைந்த கம்பு இருக்கிறது என்று காட்டினால் மறக்கவே மாட்டான்.

இன்னொரு சூத்திரமும் உங்கள் ஓவியருக்குத் தேவைப்படும். வில், வேல், கழல், கண்ணி, தார், மாலை, தேர், மா ஆகியவை "ஏனோர்க்கும் உரிய" என்கிறது மரபியல். மூவேந்தர் அல்லாத தலைவர்களும் இவற்றைக் கொள்ளலாம் என்பது பொருள். முடி அந்த இரண்டாம் பட்டியலில் இல்லை. "முடியுடை மூவேந்தர்" என்ற தொடர் சும்மா வந்ததில்லை. பாரியையோ அதியமானையோ வரைந்தால் தலையில் கிரீடம் வைக்க வேண்டாம். கண்ணி போதும், அதுதான் சரியும்கூட.

#3 · மேலமாசி

சுவடிக்கட்டு ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் செங்கோல் வெறும் சொல்தான் என்ற முடிவுக்கு மாணவர்கள் போய்விடக் கூடாது. குறள் 552-ஐப் பாருங்கள். "வேலொடு நின்றான்" வழிப்பறிக்காரன், "கோலொடு நின்றான்" வரி கேட்கும் அரசன். வேல் கையில் இருக்கும் பொருள். அதற்கு ஈடாக வைத்த கோலும் கையில் இருக்கும் பொருளாக இருந்தால்தான் உவமையே நிற்கும். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி காணும் கனவிலும் குடையோடு கோலும் விழுகிறது. விழுவதற்கு ஒரு பொருள் வேண்டாமா?

#4 · சுவடிக்கட்டு

552 நல்ல சான்று. ஒத்துக்கொள்கிறேன். பொருளாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சொல்லாகப் புழங்கியது என்று திருத்திக்கொள்கிறேன். "ஊன்றி நடப்பது" மட்டும் வேண்டாம். ஊன்றுகோல் முதுமையின் அடையாளம், செங்கோலோடு அதைச் சேர்த்தால் பொருளே கவிழ்ந்துவிடும்.

இனி குடை. "வெயிலிலிருந்து காப்பது" என்ற வரியை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் மறுத்துவிட்டார். புறநானூறு 35. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் சொல்கிறார்: வானளாவிய உன் குடை வெயிலை மறைக்கவா பிடித்தது? இல்லை, வருந்திய குடிகளை மறைப்பதற்கு. இதைப் பாடி அவர் பெற்றது பொன்னோ யானையோ அல்ல. நிலத்தின் பழைய வரிப்பாக்கியைத் தள்ளுபடியாகப் பெற்றார். குடையின் பொருளை அரசனிடமே எடுத்துக்காட்டி, அதை வைத்தே வரியைக் குறைக்க வைத்த பாட்டு. உங்கள் நாற்பது சொல்லும் இதற்கே போகட்டும்.

குடைக்கு இன்னொரு பயனும் உண்டு. படை புறப்பட நல்ல நாள் குறித்தாயிற்று, ஆனால் அரசன் அந்த வேளையில் கிளம்ப முடியவில்லை என்றால் குடையை மட்டும் முன்னால் அனுப்பிவிடுவார்கள். குடை போனால் அரசன் போனதாகக் கணக்கு. குடைநாட்கோள் என்று இதற்குப் பெயர். வாளை அனுப்பினால் வாள்நாட்கோள். சிலப்பதிகாரத்தில் கணி (சோதிடன்) நேரம் சொன்னதும் சேரன் செங்குட்டுவன் இடும் ஆணை: "வாளும் குடையும் வடதிசைப் பெயர்க்க". பொருள் ஆளுக்குப் பதிலாக நிற்பது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

#5 · பூண்பட்டறை

குடை மாதிரி செய்வதைப் பற்றி நான் எழுதுகிறேன். கடையில் விற்கும் மடக்குக் குடைக்கு வெள்ளைத் துணி போர்த்தி ஏமாற்ற வேண்டாம். பழைய சிற்பங்களில் காண்பதும், கோயில் உற்சவத்தில் இன்று பிடிப்பதும் மடங்காத குடை. தட்டையான மேல்பகுதி, ஓரத்தில் நேராகத் தொங்கும் துணி, உச்சியில் கலசம்.

ஐந்தடி விட்டத்துக்கு மூங்கில் கைகள் பதினாறு போடுங்கள். அப்போது ஓரத்தில் கைக்குக் கை ஏறக்குறைய ஓரடி இடைவெளி வரும், துணி விறைப்பாக நிற்கும். எட்டே கை போட்டால் இடைவெளி இரண்டடி. துணி நடுவில் தொய்ந்து நட்சத்திரம் போல ஆகிவிடும். பெரும்பாலான நாடகக் குடைகள் கெடுவது இந்த இடத்தில்தான். ஓரத்தைச் சுற்றிப் பிரம்பு வளையம் கட்டாயம். துணியைப் பதினாறு முக்கோணத் துண்டுகளாக வெட்டித் தைத்தால் மடிப்பு விழாது.

ஆணி பித்தளையாக இருக்கட்டும். இரும்பு ஆணி ஒரு மழைக்கே வெள்ளைத் துணியில் துருக்கறை இறக்கிவிடும், அது போகாது.

காம்பு எட்டடி. குடை பிடிப்பவர் அரசனுக்குப் பின்னால் நிற்பார், குடையோ அரசன் தலைக்கு மேல் இருக்க வேண்டும். அதனால் காம்பு எப்போதும் முன்னால் சாய்ந்தபடியே இருக்கும், பாரம் முழுக்க மணிக்கட்டில் விழும். காம்பின் அடியில் கனமான பித்தளைப் பூண் ஒன்று போட்டால் எடை சமமாகும். பிடிப்பவர் இடுப்புத் துணியில் காம்பின் அடியைச் செருகிக்கொள்ள ஒரு பை இருந்தால் இன்னும் நல்லது. காற்று பக்கவாட்டில் அடித்தால் குடையைக் காற்றுக்கு எதிராகச் சாய்க்க வேண்டும். காற்று போகும் பக்கம் சாய்த்தால் தட்டின் அடியில் காற்று புகுந்து தூக்கிவிடும்.

#6 · ஏடகம்

மிக்க நன்றி. துணியை எட்டாக வெட்டச் சொல்லியிருந்தேன், இப்போதே மாற்றச் சொல்கிறேன். முரசு பற்றி? "போர்ப்பறை" என்பதில் என்ன தவறு?

#7 · விசித்தவார்

தவறு என்பதைவிட, மிகக் குறைவு. மும்முரசு என்பது மரபு: வீரமுரசு, நியாயமுரசு, தியாகமுரசு. போருக்கு ஒன்று, முறை செய்வதற்கு ஒன்று, கொடைக்கு ஒன்று. நியாயமுரசு இருக்கும் இடத்தில் மணமுரசு என்று சொல்வாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மூன்றில் ஒன்றுதான் போருக்கு.

முரசு என்பது வாசிக்கும் கருவி மட்டுமில்லை, அதற்குத் தனிக் கட்டில் உண்டு. அது நீராடும், பீலி சூடும், உழிஞைப்பூ சூடும், பலி கொள்ளும். புறநானூறு 50 முழுக்க இதுதான். முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். கட்டில் காலியாக இருக்கிறது. எண்ணெய் நுரை போன்ற மெத்தை. மோசிகீரனார் என்ற புலவர் அது இன்னதென்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். தண்டனை வாளால் இரு துண்டு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை, அவர் எழும்வரை பக்கத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தான். பாட்டில் "வீசியோயே" என்று மட்டும் இருக்கிறது, கவரி (சாமரம்) என்பது பாட்டின் கீழுள்ள கொளுவில், அதாவது பாடிய சூழலைச் சொல்லும் குறிப்பில், வருகிறது. பலகையில் எழுதும்போது இந்தச் சின்ன வேறுபாட்டைக் காத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சாமரப் பலகைக்கும் இதே பாட்டு உதவும். கவரி வீசப்படுபவன் அரசன். இங்கே அரசன் வீசுகிறான். சின்னம் கை மாறும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

முரசு செய்த விதமும் கேட்கத் தக்கது. இரண்டு காளைகளைப் பொரவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்துவார்கள் (புறம் 288, மதுரைக்காஞ்சியிலும் "சீவாது போர்த்த" முரசு வருகிறது). உடலுக்குரிய மரமும் சாதாரண மரம் அல்ல. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் காவல்மரமான கடம்பை அறுத்து முரசு செய்தான் என்கிறது பதிற்றுப்பத்து. எதிரியின் சின்னத்தை வெட்டித் தன் சின்னமாக்கி, அதை அடித்து ஒலிக்கவும் செய்தான்.

மாதிரி செய்பவருக்கு: உடலுக்குப் பலாக்கட்டை எடுக்கலாம், தவிலும் மிருதங்கமும் அதில்தான் செய்கிறார்கள். மயிரோடு தோல் வேண்டுமென்றால் வெளிப்பக்கம்தான் சீவக்கூடாது. உள்பக்கக் கொழுப்பையும் சவ்வையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நாறிப் புழு வைக்கும். உப்பிட்ட தோல் வாங்கினால் உப்புப் போகக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வார் எவ்வளவு இறுக்கினாலும் மழைநாளில் தளரும். தோலை ஈரமாகவே போர்த்தி நிழலில் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து விளிம்பில் கிழியும்.

#8 · சுவடிக்கட்டு

முரசைப் பறிகொடுப்பது நாட்டைப் பறிகொடுப்பது. தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியன் எழுவரை வென்றதை அகநானூறு 36 "முரசொடு வெண்குடை அகப்படுத்து" என்று பாடுகிறது. எழுவரில் வேளிரும் (குறுநிலத் தலைவர்களும்) உண்டு என்பதால் முரசும் குடையும் மூவேந்தரோடு நின்றுவிடவில்லை என்பதும் தெரிகிறது. இலக்கணம் ஒரு வரம்பு கட்டும், பாட்டு சில சமயம் தாண்டிவிடும். முடியில்தான் கோடு கண்டிப்பானது.

அதே நெடுஞ்செழியன் போருக்கு முன் இட்ட சூள் (சபதம்) புறநானூறு 72. பகைவரை முரசோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் என் நிழலில் வாழ்பவர் ஒதுங்க நிழல் இன்றிக் கண்ணீர் விட்டுப் பழிக்கும் கோலை உடையவன் ஆகுக என்கிறான். முரசு, நிழல், கோல் மூன்றும் ஒரே மூச்சில். கண்காட்சியின் நுழைவாயிலில் பெரிதாக எழுத ஒரு பாட்டு வேண்டுமென்றால் இதுதான் என் தேர்வு.

#9 · புலிமுத்திரை

முடிப் பலகைக்கு வருகிறேன். "விழாவில் அணியும் பொன் கிரீடம்" என்று எழுதினால் அதன் வரலாறு முழுக்க நழுவிவிடும்.

முதலில் சொல். பட்டாபிஷேகம் என்பதில் இரண்டு செயல்கள் இருக்கின்றன: பட்டம் கட்டுதல், நீராட்டுதல். பட்டம் நெற்றியில் கட்டும் பட்டை. கிரீடம் என்ற சொல்லே அதில் இல்லை. இன்று கோயிலில் மரியாதைக்குரியவருக்குத் தலையில் துணி சுற்றிப் பரிவட்டம் கட்டுகிறார்களே, அது அந்தக் கட்டுதலின் வழிவந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தன் அடியார் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றும் சிற்பம் இருக்கிறது. முடிசூட்டுதல் எப்படிப்பட்ட செயல் என்று மாணவருக்குக் காட்ட அதைவிடச் சிறந்த படம் இல்லை. குனிந்த தலை, கட்டும் கை, இரண்டும் தெரியும்.

இப்போது கதை. முதலாம் பராந்தகன் பாண்டிய நாட்டைப் பிடித்தபோது பாண்டியன் இராசசிம்மன் ஈழத்துக்குத் தப்பி, தன் முடியையும் அணிகளையும் அங்கே வைத்துவிட்டுச் சேரநாடு போனான். மதுரையைப் பிடித்த பராந்தகனிடம் நாடு இருந்தது, முடி இல்லை. ஈழத்து அரசன் நான்காம் உதயனிடம் கேட்டான், அவன் தரவில்லை. படை அனுப்பினான், உதயன் முடியோடு ஈழத்தின் தென்பகுதியான ரோகணத்துக்கு ஓடிவிட்டான். முதலாம் இராசேந்திரன் 1017 வாக்கில் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்தபோதுதான் அது சோழர் கைக்கு வந்தது. இடையில் 60 ஆண்டுக்கும் மேல். இராசேந்திரன் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: ஈழத்தரசர் முடி, அவர் தேவியர் முடி, அவர்களிடம் "தென்னவன் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்". நிறுத்திப் படித்தால் இது ஒரு கைப்பற்றுப் பட்டியல் என்று புரியும். தொடர்ந்து கேரளன் முறைமையில் சூடும் குலதன முடி, செங்கதிர் மாலை. கடாரம் போனபோது விச்சாதிர தோரணம், மணிக்கதவு. ஊர்ப்பெயர்களுக்குச் சமமாகப் பொருட்பெயர்கள் நிற்கின்றன.

அவன் மகன் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்திலிருந்து ஒரு துவாரபாலகர் (வாயிற்காவலர்) சிலையையே கொண்டுவந்தான். "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்" என்று பீடத்தில் எழுதியும் வைத்தான். எங்கிருந்து வந்தது என்று எழுதாவிட்டால் அது வெறும் கல்.

சோழர் முத்திரையையும் சேருங்கள். செப்பேட்டு வளையத்தில் இருக்கும் அந்த வட்ட முத்திரையில் உட்கார்ந்த புலி, இரட்டை மீன், வில், மேலே குடை, இருபுறமும் கவரி, விளக்கு எல்லாம் இருக்கும். மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. மூன்றையும் ஒரே குடையின் கீழ் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆறு பலகையில் இரண்டு, குடையும் கவரியும், உள்ளங்கையளவு செம்பில் அங்கே இருக்கின்றன. அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் போட்டாலே பாதிக் கண்காட்சி முடிந்தது.

#10 · மேலமாசி

சோழர் பக்கம் மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் (ஆட்சி 1216-இல் தொடக்கம்) சோழநாட்டைப் பிடித்து, அங்கேயே வீராபிஷேகம் (வெற்றிக்கான முடிசூட்டு) செய்துகொண்டான். பிறகு மூன்றாம் குலோத்துங்கனை வரவழைத்து முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தான். கல்வெட்டில் அவன் பட்டம் முதலில் "சோணாடு கொண்டருளிய", பிறகு "சோணாடு வழங்கியருளிய". பறித்தவன் என்பதைவிடப் பறித்ததைக் கொடுத்தவன் என்பது பெரிய பட்டமாகிவிட்டது. கொடுக்க முடிந்தவன்தான் மேலே இருப்பவன்.

#11 · நல்லூரான்

இராசேந்திரன் கதைக்கு ஈழத்திலேயே ஒரு பிற்காலத் தொடர்ச்சி இருக்கு. கண்டி சிம்மாசனம் 1693-இல் ஒல்லாந்த (டச்சு) ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் குடுத்தது. 1815-இல் கண்டி விழுந்தபோது ஆங்கிலேயர் அதையும் முடியையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோயினம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், அவரை வேலூரிலே சிறை வைச்சினம். 1934-இலே சிம்மாசனமும் முடியும் திரும்பி வந்தது. இப்ப கொழும்பு தேசிய நூதனசாலையிலே இருக்கு. அரசனை ஒரு பக்கமும் சிம்மாசனத்தை இன்னொரு பக்கமும் அனுப்பினதைக் கவனியுங்கோ. ரெண்டும் ஒரே இடத்திலே இருக்கக் கூடாது எண்டது ஆங்கிலேயருக்கும் விளங்கியிருந்தது.

#12 · ஏடகம்

இதெல்லாம் பழைய செய்தி. மாணவர்கள் இன்று நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஏதாவது உண்டா?

#13 · மேலமாசி

மதுரைக்கு வரச் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழா எட்டாம் நாள், மீனாட்சி பட்டாபிஷேகம். அம்மன் சன்னதி ஆறுகால் பீடத்தில் நடக்கும்.

அம்மனுக்கு ராயர் கிரீடம் சாற்றுவார்கள், பரிவட்டம் கட்டுவார்கள், வேப்பம்பூ மாலை அணிவிப்பார்கள், கல் இழைத்த செங்கோலைக் கையில் கொடுப்பார்கள். பிறகு அந்தச் செங்கோலை அம்மனிடமிருந்து வாங்கிக் கோயில் நிர்வாகத் தலைவரிடம் (தக்கார் அல்லது அறங்காவலர் குழுத் தலைவர்) தருவார்கள். அவர் அதை ஏந்திப் பிராகாரம் சுற்றி வந்து மறுபடி அம்மனிடமே சேர்ப்பார். ஊன்றிக்கொண்டு வரமாட்டார், ஏந்தி வருவார். முதல் பலகைக்கு நேரடிச் சான்று இது. ஆட்சி அம்மனுடையது, ஏந்தி வருபவர் அதை நடத்திக் கொடுப்பவர் என்பதை அந்த ஒரு சுற்று சொல்லிவிடுகிறது. சித்திரையிலிருந்து நான்கு மாதம் அம்மன் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம், அடுத்த எட்டு மாதம் அவர் ஆட்சி.

இப்போது அந்த வேப்பம்பூ மாலையைக் கவனியுங்கள். அம்மனுக்கு வேம்பு என்றால் மாரியம்மன் நினைவுதான் பலருக்கு வரும். இங்கே காரணம் வேறு. போந்தை (பனை) சேரனுக்கு, வேம்பு பாண்டியனுக்கு, ஆர் (ஆத்தி) சோழனுக்கு என்று தொல்காப்பியம் வகுத்த பூ அது. மீனாட்சி பாண்டியன் மகள், பாண்டிய நாட்டை ஆள்பவள், ஆகவே பாண்டியர் பூவைச் சூடுகிறாள். சித்திரையில் வேம்பு பூத்தும் இருக்கும். "மாலை – அலங்காரம்" என்ற பலகையை எடுத்துவிட்டு இதை வையுங்கள்.

#14 · சுவடிக்கட்டு

ஆம். பூ அன்று சீருடை போல. போர்க்களத்தில் யார் பக்கம் யார் என்பது அதில்தான் தெரியும். புறநானூறு 45-இல் கோவூர் கிழார் இரண்டு சோழர்களுக்கு நடுவில் நின்று சொல்வது அதைத்தான்: எதிரே நிற்பவன் பனந்தோடு சூடவில்லை, வேம்பும் சூடவில்லை, உன் கண்ணியும் ஆத்தி, உன்னோடு பொருபவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான்.

ஓவியருக்கு ஒரு குறிப்பு: கண்ணி தலையில், தார் மார்பில். புறநானூற்றின் முதல் பாட்டே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. இரண்டுக்கும் பொதுவாக "மாலை" என்று எழுதிவிடாதீர்கள்.

#15 · கல்வாசல்

1947 செங்கோலை விட்டுவிட்டீர்களே? மாணவர்களுக்குத் தெரிந்த ஒரே செங்கோல் அதுதான்.

#16 · புலிமுத்திரை

சேர்க்கலாம், உறுதியானதை மட்டும். திருவாவடுதுறை ஆதீனம் செய்வித்தது. செய்தவர்கள் சென்னை உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையினர். வெள்ளியில் பொன்முலாம், ஏறக்குறைய ஐந்தடி, உச்சியில் நந்தி. 1947 ஆகஸ்ட் 14 இரவு ஆதீனத்தின் தம்பிரான் (மடத்துத் துறவி) டெல்லியில் நேருவிடம் கொடுத்தார், நாகசுரம் டி. என். ராஜரத்தினம் பிள்ளை. பிறகு அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைத் தலைவர் இருக்கை அருகே வைக்கப்பட்டது. முதலில் மவுண்ட்பேட்டனிடம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள் என்ற பகுதி வாதத்துக்கு உரியது. பள்ளிப் பலகையில் வேண்டாம்.

உங்கள் சிற்பிக்கு ஒரு எச்சரிக்கை: அந்த நந்தி சைவ மடத்தின் அடையாளம். சங்ககாலப் பாண்டியன் கையில் இருக்கும் கோலில் நந்தியை வைத்துவிடாதீர்கள். இப்போது வரும் படங்கள் பலவற்றில் இந்தப் பிழைதான் பரவிக்கொண்டிருக்கிறது.

#17 · கல்வாசல்

ஆனால் மடம் அரசனுக்குக் கோல் கொடுப்பது மரபுதானே?

#18 · சுவடிக்கட்டு

கடவுள் சன்னதியில் வைத்து எடுத்துக் கொடுப்பது பல வடிவில் உண்டு. மதுரையில் இன்றும் நடப்பது ஒன்று. திருவிதாங்கூரில் 1750-இல் மார்த்தாண்ட வர்மர் நாட்டையும் உடைவாளையும் பத்மநாபர் முன் வைத்து, அவருடைய தாசனாக வாளைத் திரும்ப எடுத்தது இன்னொன்று. எதிர்த்திசையிலும் உண்டு: திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தருக்கு இறைவன் முத்துச்சிவிகையும் குடையும் சின்னமும் கொடுத்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. அந்தச் சின்னம் ஊதுகருவி. கோயில்களில் இன்றும் ஒரே ஆள் இரண்டு நீளக் குழல்களை வாயில் வைத்து ஊதுகிறாரே, அந்தத் திருச்சின்னம். சிவிகை, குடை, சின்னம் மூன்றும் அரசனுக்கு உரியவை. நடந்து களைத்த ஒரு பிள்ளைக்கு அவை கிடைக்கின்றன.

#19 · பூண்பட்டறை

செங்கோல், சாமரம், கிரீடம் மாதிரிகள் பற்றி மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோலுக்கு நன்கு உலர்ந்த தேக்கு உள்கட்டை, மேலே பித்தளைத் தகடு. ஈரமரத்தில் தகடு போர்த்தினால் மரம் உலர்ந்து சுருங்கி உள்ளே ஆடும். உலர்ந்த மரமானாலும் மழைக்காலத்தில் ஈரம் வாங்கிப் பருக்கும், அப்போது தகட்டின் இணைப்பு வாய் பிளக்கும். அதனால் தகட்டை மூட்டும் முன் கட்டையின் இரண்டு முனைக்கும் மெழுகு பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் அதிகம் ஏறும்.

உண்மையான பழைய பொருட்கள் யாராவது கடனாகத் தந்தால்: பொன்முலாம் பூசியதைப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்கக் கூடாது. முலாம் மிக மெல்லியது, நாலு தேய்ப்பில் வெள்ளி தெரியும். கறுத்துப்போனது பொன் இல்லை, அடியிலுள்ள வெள்ளி முலாமின் நுண்துளை வழியாகக் கறுத்து மேலே வருகிறது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கட்டாதீர்கள், கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும், கட்டிய இடத்தில் வளையமாகத் தடம் விழும்.

நகாசு வேலை செய்த கிரீடங்கள் சிலவற்றில் உட்குடைவு தாங்க அரக்கு நிரப்பியிருப்பார்கள். கண்காட்சி விளக்கைக் கிட்டத்தில் வைத்தால் அரக்கு இளகி வழியும், தகடு உள்வாங்கும். சிவப்புக் கல் பதித்தவற்றைக் கழுவக் கூடாது. கல்லுக்கு அடியில் ஒளிக்காக ஒரு மெல்லிய தகடு இருக்கும், தண்ணீர் புகுந்தால் அது கறுத்துக் கல்லே செத்தது போல ஆகிவிடும்.

சாமரம் கவரிமாவின் (யாக் எருதின்) வால்மயிர். மயிர்க்கற்றையைப் பிடியின் குழிக்குள் அரக்கு வைத்துப் பொருத்தியிருப்பார்கள், ஆகவே வெந்நீர் ஆகாது. குளிர்ந்த நீரில் மிதமான சோப்பு போட்டு அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். பூச்சி மயிரைத் தின்னும், மாதம் ஒரு முறை உதறிப் பார்க்க வேண்டும். மாதிரிக்கு நைலான் போதும் என்றால் போதும், ஆனால் அது வீச வீசத் தூசியை இழுக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள்.

#20 · ஏடகம்

எல்லோருக்கும் நன்றி. புதிய வரைவு:

"செங்கோல்: செம்மை என்றால் நேர். நேரான கோல் நேர்மையான ஆட்சி, வளைந்த கோல் கொடுங்கோல்."
"வெண்கொற்றக்குடை: வெயிலை மறைக்க அல்ல, வருந்திய குடிகளை மறைக்க என்று பாடி ஒரு புலவர் வரிப்பாக்கியைத் தள்ளுபடி செய்ய வைத்தார் (புறநானூறு 35)."
"முரசு: வென்ற காளையின் தோல் போர்த்தது. கட்டிலில் வைத்து, நீராட்டிப் பூச்சூட்டினார்கள். பறிபோனால் அரசே பறிபோனது."
"கவரி: அரசனுக்கு வீசுவது. ஒரு சேரன் தூங்கும் புலவருக்குத் தானே வீசினான்."
"முடி: பாண்டியர் முடி ஒன்று ஈழத்தில் 60 ஆண்டுக்கு மேல் இருந்து, இராசேந்திரனிடம் வந்தது."
"பூ: சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. மீனாட்சி பட்டாபிஷேகத்தில் வேப்பம்பூ மாலையை இன்றும் காணலாம்."

ஆறாவது பலகைக்கு மதுரைப் படம் ஒன்றும் கிடைத்துவிட்டது, இணைத்திருக்கிறேன்.

#21 · மேலமாசி

வரைவு சரி. படம் சரியில்லை. கழுத்தில் இருப்பது செவ்வந்தி, தலையில் ராயர் கிரீடமும் இல்லை. வேறு நாளில் எடுத்த படம். எட்டாம் நாள் படமாகக் கேட்டு வாங்குங்கள். வேப்பம்பூ மாலை வெளிர்பச்சையும் வெள்ளையுமாக, பட்டின் நிறத்தின் மேல் அடங்கித் தெரியும். சின்ன அளவில் அச்சிட்டால் காணாமல் போகும், அதனால் மார்பளவுக்குக் கிட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.

#22 · ஏடகம்

நல்ல வேளை சொன்னீர்கள். படத்தை எடுத்துவிட்டேன். எட்டாம் நாள் படம் வந்த பிறகே ஆறாவது பலகை அச்சுக்குப் போகும்.